கோழிகளின் வெள்ளைக் கழிச்சலும் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளும்

நமது கிராமங்களில் கோடை தலைகாட்டும் சமயத்தில், முந்தின நாள் வரை குப்பைமேட்டைக் கிளறித் திரிந்த கோழியொன்று இறகைத் தொங்கவிட்டுச் சுவரோரம் ஒடுங்கி நிற்பதையும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதையும், வெண்மையும் பசுமையும் கலந்து கழிவதையும் காணாதவர் இலர். இரண்டொரு தினங்களில் அது மாண்டுபோகும். சில வாரங்களுக்குள் தெருவிலுள்ள பஞ்சாரங்கள் பலவும் காலியாகிவிடும். இதனையே நாட்டுப்புறத்தார் வெள்ளைக் கழிச்சல் என்றும், கால்நடை வைத்தியர்கள் ராணிக்கேட் வியாதி என்றும் கூறுகின்றனர். ஒரு வீட்டில் பத்துக் கோழிகள் சாவது கணக்கேட்டில் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அவை அவ்வீட்டுப் பெண்மணி அவசரச் செலவிற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த முதல் என்பதை மறத்தலாகாது.

இவ்வியாதியில் ஒரு விந்தை உண்டு. ஒரே ஊரில், ஒரே கிருமி பரவியிருக்கையில், ஒரு வீட்டுக் கோழிகள் அடியோடு அழிகின்றன. அடுத்த வீட்டுக் கோழிகள் சில நாள் இருமித் தேறுகின்றன. மற்றோர் இடத்தில் முட்டை குறைவதும் ஓடு மெலிவதும் தவிர வேறு குறி ஒன்றும் தெரிவதில்லை. இவ்வேறுபாட்டிற்குப் பெரும்பான்மையான காரணம் கோழியின் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருளாகும். அது எப்பொழுது உண்டாயிற்று, எங்கே உண்டாயிற்று, எவ்வளவு உண்டாயிற்று என்னும் மூன்றையும் அறிந்தால், தடுப்பு மருந்தை எப்போது இடவேண்டும் என்பதும், ஊசி போட்ட பின்னரும் சில கோழிகள் ஏன் சாகின்றன என்பதும் தாமே விளங்கும்.

வியாதியின் வரலாறும் குணமும்

1926-ஆம் ஆண்டில் இவ்வியாதி ஜாவாத் தீவிலும், இங்கிலாந்து தேசத்தில் நியூகாசில் நகரத்தின் அருகிலும் கண்டறியப்பட்டது. ஆதலின் பிற தேசத்தார் இதனை நியூகாசில் வியாதி என்பர். அதையடுத்து இமயமலைச் சாரலில் குமாவூன் பிரதேசத்திலுள்ள ராணிக்கேட் என்னும் ஊரில் இது காணப்பட, முக்தேசுவர் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த எட்வர்ட்ஸ் என்பவர் 1928-இல் இதனை விவரித்தார். அதனால் நம் நாட்டில் அவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது. தடுப்பு மருந்து செய்யும் நிலையம் அமைந்துள்ள நமது இராணிப்பேட்டைக்கும் இப்பெயருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இதனை உண்டாக்குவது வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமி. நோயுற்ற கோழியின் மூச்சிலும், மூக்குச் சளியிலும், எச்சத்திலும் அது வெளிப்பட்டு, காற்று, தண்ணீர், தீனி, பாத்திரம், மனிதருடைய கால், சந்தைக் கூடை இவற்றின் வழியாகப் பிற கோழிகளை அடைகிறது. முதலில் மூச்சுக்குழலின் உட்தோலிலும் குடலின் உட்தோலிலும் பற்றிப் பெருகுகிறது. பெரும்பாலும் ஐந்தாறு நாட்களில் வியாதி வெளிப்படும். சில சமயம் இரண்டு நாளிலும், சில சமயம் பதினைந்து நாள் கழித்தும் வெளிப்படுவதுண்டு. தப்பிப் பிழைத்த கோழிகளிற் சில கழுத்து முறுக்கிக்கொண்டோ கால் இழுத்துக்கொண்டோ திரிவதை யாவரும் பார்த்திருப்பர். அது கிருமி மூளையையும் நரம்புகளையும் தாக்கியதன் அடையாளமாகும்.

கிருமியின் வகையைப் பொறுத்தும் கடுமை மாறுபடும். இக்கிருமியின் மேற்பரப்பில் இரண்டு விதமான முட்கள் உள்ளன. ஒன்று உயிரணுவைப் பற்றிக்கொள்வதற்கும், மற்றொன்று அதனுள் புகுவதற்கும் உதவுகின்றன. இரண்டாவது முள் வேலை செய்யவேண்டுமாயின், அது கோழியின் உடலிலுள்ள ஒருவகை ரசத்தால் வெட்டப்படவேண்டும். சாதுவான கிருமியின் முள்ளை வெட்டும் ரசம் மூச்சுக்குழல், குடல் முதலிய சில இடங்களில் மாத்திரமே உண்டு. கொடிய கிருமியின் முள்ளை வெட்டும் ரசமோ உடலெங்கும் உள்ளது. ஆகவே முன்னது உட்தோலோடு நின்றுவிடுகிறது. பின்னது உடல் முழுவதும் பரவிக் கொல்லுகிறது. சாதுவான வகைகளையே நாம் தடுப்பு மருந்தாகப் பயன்படுத்துகிறோம்.

எதிர்ப்பொருள் என்பது யாது?

அந்நியமான கிருமி ஒன்று உடலிற் புகுந்தால், அதன் உருவத்திற்குப் பொருந்துமாறு, பூட்டிற்கு ஏற்ற சாவி போல ஒரு புரதப் பொருளை உடல் உண்டாக்குகிறது. இதுவே ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள். கோழியில் இதனை உண்டாக்கும் அணுக்கள், எச்சவாயின் அருகிலுள்ள ஃபாப்ரீஷியஸ் பை என்னும் சிறு உறுப்பில் பக்குவமடைகின்றன. அந்தப் பையை இளமையில் நீக்கிய கோழிகளில் எதிர்ப்பொருள் சரிவர உண்டாவதில்லை என்பதை அமெரிக்காவில் கிளிக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1956-இல் வெளியிட்டனர். கம்போரோ என்னும் வியாதி குஞ்சுகளில் இப்பையையே கெடுப்பதால், அவ்வியாதி கண்ட குஞ்சுகளுக்கு ராணிக்கேட் மருந்து இட்டாலும் போதிய பலன் கிட்டாமற் போகிறது.

எதிர்ப்பொருள் கிருமியின் முட்களைப் போர்த்து மூடிவிடுகிறது. மூடப்பட்ட கிருமி உயிரணுவைப் பற்ற இயலாது. ஆனால் எதிர்ப்பொருள் உயிரணுவிற்கு வெளியேதான் வேலை செய்யும். உள்ளே புகுந்துவிட்ட கிருமியை அது எட்டுவதில்லை. களத்திற்குக் காவல்காரன் இருந்தால் திருடன் வேலி தாண்டுவதைத் தடுக்கலாம். திருடன் குதிருக்குள் புகுந்தபின் வேலியோரம் நிற்கும் காவலனால் பயன் இல்லை. இந்த ஒன்றை நினைவில் வைத்தால், கீழே கூறப்படுபவை யாவும் எளிதில் விளங்கும்.

அளக்கும் விதம்

இன்ஃபுளுயன்சாக் கிருமி கோழியின் சிவப்பு இரத்த அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச்செய்வதை 1941-இல் ஹர்ஸ்ட் என்பவர் கண்டார். ராணிக்கேட் கிருமியும் அவ்வாறே செய்வதை ஆஸ்திரேலியாவில் பர்னெட் என்பவர் 1942-இல் வெளியிட்டார். இதிலிருந்தே எதிர்ப்பொருளை அளக்கும் வழி பிறந்தது. கோழியின் இரத்தத்தினின்று தெளிந்த நீரை எடுத்து, அதனைப் பாதி, காற்பாதி, அரைக்காற் பாதி என்று வரிசையாகக் குறைத்துக் குழிகளில் இடுவர். ஒவ்வொன்றிலும் திட்டமான அளவு கிருமியையும், பின்னர் இரத்த அணுக்களையும் சேர்ப்பர். எதிர்ப்பொருள் உள்ள குழியில் அணுக்கள் ஒட்டாமல் அடியிற் பொத்தான் போலப் படியும். எதிர்ப்பொருள் போதாத குழியில் ஒட்டிப் பரந்து நிற்கும். 16 பங்காகக் குறைத்தும் அணுக்கள் ஒட்டாதிருந்தால் அக்கோழியின் எதிர்ப்பளவு 16 என்றும், 64 பங்காகக் குறைத்தும் ஒட்டாதிருந்தால் 64 என்றும் கூறுவர். சோதனைச்சாலைகள் பொதுவாக 16-ஐயும் அதற்கு மேற்பட்டதையும் ஐயமற்ற அடையாளமாகக் கொள்கின்றன.

கண்ணில் ஒருமுறை சாதுவான மருந்து இட்ட கோழிகளில் எதிர்ப்பளவு சாதாரணமாக 16 முதல் 64 வரை ஏறும். பலமுறை மருந்திட்டு எண்ணெய் கலந்த ஊசியும் போட்ட முட்டைக்கோழிகளில் 2,048-க்கும் மேலே செல்வதுண்டு. நாமக்கல் ஜில்லாவிலுள்ள பெரிய பண்ணைக்காரர்கள் இவ்வெண்ணைப் பார்த்தே அடுத்த மருந்தின் நாளை நிர்ணயிக்கின்றனர். எனினும் எண் மாத்திரம் முழுக் கதையையும் சொல்லாது.

முதற் பாடம்: காலம்

கிருமி புகுமுன் எதிர்ப்பளவு 16-க்குக் குறையாதிருந்த கோழிகள் பெரும்பாலும் சாவிற்குத் தப்புகின்றன. அளவு குறைந்தும் சிறிது இருந்தவற்றில் இருமலும் முட்டைக் குறைவும் காணலாம். ஒன்றும் இல்லாதவை கொடிய கிருமிக்கு நூற்றுக்குத் தொண்ணூறு என்னும் அளவிலும், சில இடங்களில் அடியோடும் மாள்கின்றன. முன்னே இருக்கும் எதிர்ப்பொருள் எவ்வளவுக்கு மிகுதியோ அவ்வளவுக்கு வியாதி இலேசாகும்.

ஆனால் எதிர்ப்பொருள் உடனே உண்டாவதில்லை. கிருமியோ மருந்தோ உடலிற் புகுந்தபின் ஆறு முதல் பத்து நாள் கழித்தே அது இரத்தத்தில் அளக்கத்தக்க அளவு தோன்றுகிறது. மூன்று நான்கு வாரங்களில் உச்சத்தை அடைகிறது. கொடிய கிருமியோ ஐந்தாறு நாட்களிலேயே கோழியை வீழ்த்திவிடுகிறது. செத்த கோழியில் எதிர்ப்பொருள் காணப்படாமைக்கு இதுவே காரணம். அது போரில் தோற்கவில்லை. போர்க்களத்திற்கு வந்து சேரவே அதற்கு அவகாசம் கிட்டவில்லை.

நமது ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் குறைக்கும் விடை இங்கே உளது. "நேற்று ஊசி போட்டார்கள், நாலாம் நாள் கோழி செத்தது, ஊசியே கொன்றுவிட்டது" என்று பலர் வருந்துகின்றனர். தெருவில் வியாதி நுழைந்த பின்னர் ஊசி போடும்போது, வெளிக்குறி ஏதுமின்றிக் கிருமியை ஏற்கெனவே உட்கொண்ட கோழிகள் பல இருக்கும். அவற்றிற்கு மருந்து பலிக்கும் முன்னரே வியாதி முதிர்ந்துவிடுகிறது. ஆகவே தவறு பெரும்பாலும் ஊசியில் இல்லை. ஊசி போட்ட நாளில் உள்ளது. வியாதி வருமுன் இட்ட மருந்து கோழியைக் காக்கும். வந்தபின் இட்ட மருந்து எஞ்சியவற்றுட் சிலவற்றையே காக்கும்.

இரண்டாம் பாடம்: மிகுந்த அளவு எதனைக் காட்டும்?

வியாதியில் தப்பிப் பிழைத்த கோழியின் இரத்தத்தைச் சோதித்தால் எதிர்ப்பளவு மிக உயர்ந்திருக்கும். இதனைக் கொண்டு எதிர்ப்பொருள் மிகுந்ததால் வியாதி கடுமையாயிற்று என்றோ, எண் உயர்ந்துள்ளபடியால் மந்தைக்கு இனிக் கவலை இல்லை என்றோ முடிவு செய்தல் தவறாகும். கிருமி மிகுதியாகப் பெருகி நெடுநாள் தங்கினால், உடலும் எதிர்ப்பொருளை மிகுதியாக உண்டாக்கும். வெள்ளம் வடிந்தபின் சுவரில் தெரியும் நீர்க்கோடு எவ்வளவு உயரமோ அவ்வளவு பெரிய வெள்ளம் வந்து போயிற்று என்பதுபோல, பின்னே தோன்றும் உயர்ந்த எதிர்ப்பளவு நடந்துபோன தாக்குதலின் சாட்சியேயாகும்.

மனிதரிடத்தும் இதற்கொத்த அனுபவம் 2020-ஆம் ஆண்டு முதற்கொண்டு கிட்டியுள்ளது. அவ்வாண்டில் உலகெங்கும் பரவிய கோவிட்-19 என்னும் சுவாச வியாதியில், கடுமையாக வருந்தி ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுடைய இரத்தத்தில், இலேசாக வந்து போனவர்களுடையதைக் காட்டிலும் எதிர்ப்பொருள் சராசரியாக மிகுந்திருந்தது. முதலில் இது பலரைத் திகைக்க வைத்தது. பின்னர் நாட்கணக்கை ஆராய்ந்தபோது, கிருமியைச் செயலறச் செய்யும் எதிர்ப்பொருள் காலந்தாழ்த்தித் தோன்றியவர்களிடத்தில் மரணம் மிகுந்திருந்ததும், விரைவில் தோன்றியவர்கள் தேறியதும் புலனாயின. கோழியாயினும் மனிதராயினும், எவ்வளவு என்பதற்குமுன் எப்பொழுது என்று கேட்டல் வேண்டும்.

பண்ணையாளர்க்கு இதிலிருந்து ஒரு பிரயோஜனம் உண்டு. முட்டை திடீரெனக் குறைந்து காரணம் தெரியாவிடில், அச்சமயத்தில் ஒருமுறையும் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறையும் அதே கோழிகளின் இரத்தத்தைச் சோதிக்கச் செய்யலாம். இடையில் மருந்து ஏதும் இடாதிருந்தும் எண் நான்கு மடங்காகவோ அதற்கு மேலாகவோ ஏறியிருந்தால், மறைவாகக் கிருமி வந்து சென்றது என்று கொள்ளலாம்.

மூன்றாம் பாடம்: இடம்

கிருமி நுழையும் வாயில் கண், மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் நிறைந்திருப்பது ஊருக்குள்ளே காவல் வைத்ததற்கு ஒப்பாகும். வாயிலில் காவல் வேறாக வேண்டும். கோழியின் கண்ணிற்குப் பின்னே ஹார்டர் சுரப்பி என்னும் சிறு உறுப்பு உளது. கண்ணிற் சொட்டாக மருந்து விட்டால் அது இச்சுரப்பியைத் தூண்டி, கண்ணீரிலும் மூச்சுக்குழலின் சளியிலும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. இரத்தப் பரிசோதனையில் இது முழுவதும் தெரிவதில்லை. ஆதலால் கண்சொட்டு இட்ட குஞ்சின் எதிர்ப்பளவு சிறிது குறைந்து காணப்பட்டாலும் அது காப்புடையதாக இருக்கக்கூடும். கிருமியைக் கொன்று செய்த ஊசிமருந்து மட்டும் பெற்ற கோழியோ, இரத்தத்தில் பெரிய எண்ணைக் காட்டினும், மூச்சுக்குழலில் கிருமி பெருகுவதற்குப் பெரிதும் இடங்கொடுக்கும். எனவேதான் சொட்டு முதலிலும் ஊசி பின்னரும் என்னும் முறை அனுசரிக்கப்படுகிறது.

நான்காம் பாடம்: தாய் தந்த காப்பு

மருந்திட்ட தாய்க்கோழி தன் எதிர்ப்பொருளின் ஒரு பங்கை முட்டையின் மஞ்சட்கருவில் வைத்துக் குஞ்சிற்குக் கொடுக்கிறது. இக்கொடை நிலையானதன்று, ஏறக்குறைய நாலரை நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். பொரித்த அன்று 64 இருந்தால், ஐந்தாம் நாளை ஒட்டி 32, ஒன்பதாம் நாளில் 16, இரண்டு வாரம் ஆகுமுன் 8 என்று இறங்கிவிடும். இக்கொடை மிகுந்திருக்கையில் இட்ட மருந்தின் கிருமியையும் அது மூடிவிடுவதால் மருந்து பலிப்பது குறையும். மருந்து தாமதித்தாலோ காப்பற்ற இடைவெளி நேரும். ஆகவே ஏழாம் நாள் அளவில் எஃப் அல்லது லசோட்டா வகை மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவதும், நான்காம் வாரத்தில் மறுமுறை கொடுப்பதும், எட்டாம் வாரத்தில் ஆர்2பி என்னும் முக்தேசுவர் வகை மருந்தை ஊசியால் இடுவதும் வழக்கமாயின. முக்தேசுவர் வகை சற்று வலியது. இளங்குஞ்சுகளுக்கு அதனை முதல் மருந்தாக இட்டால் அதுவே அவற்றை வருத்தும்.

ஐந்தாம் பாடம்: தப்பிய கோழியும் பிறர் கோழியும்

மேற்கூறிய எதிர்ப்பொருள் கோழியின் உயிரைக் காக்கிறது. கிருமி பெருகுவதை அறவே ஒழிப்பதில்லை. எதிர்ப்பளவு உயர உயர வெளிப்படும் கிருமி குறைகிறதேயன்றி முற்றும் நிற்பதில்லை. ஆதலின் மருந்திட்ட மந்தை ஒன்றில் நோய்க்குறி ஏதுமின்றியே கிருமி உலவலாம். அம்மந்தையிலிருந்து சந்தைக்கு வந்த நல்ல கோழியொன்று, மருந்து காணாத வேறோர் ஊரின் கோழிகளை அழிக்கலாம்.

இதனால் ஊருக்குச் சிலர் மாத்திரம் மருந்திடுவது போதாதென்பது பெறப்படும். 2008-ஆம் ஆண்டில் நெதர்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு மந்தையில் கிருமி பரவாது நிற்கவேண்டுமாயின், அவர்கள் கைக்கொண்ட முறைப்படி எதிர்ப்பளவு 8-க்குக் குறையாத கோழிகள் நூற்றுக்கு 85-க்கு மேல் இருத்தல் வேண்டும். நூறு கோழிகளில் ஐம்பதிற்கு மாத்திரம் மிகப் பெரிய எண்ணும், மற்றவற்றிற்கு ஒன்றுமில்லாமையும் இருந்தால், சராசரி உயர்ந்து தோன்றும்; மந்தையோ காப்பற்றதேயாகும். ஊர் முழுவதையும் ஒரு மந்தையாகவே எண்ணுதல் நலம்.

செய்யத்தக்கவை

1. வியாதி காணும் பருவத்திற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகவே மருந்திடவேண்டும். கால்நடை இலாகாவினர் ஊருக்கு வரும் நாளைக் கிராம அதிகாரிகள் முன்கூட்டியே அறிவித்து, அன்று காலையில் கோழிகளைத் திறந்துவிடாமல் பஞ்சாரத்திலேயே வைத்திருக்கச் சொல்லவேண்டும். விடியுமுன் திறந்துவிட்ட கோழி மருந்திற்கு அகப்படாது.

2. மருந்து உயிருள்ள கிருமியாதலின் 2 முதல் 8 டிகிரி செண்டிகிரேடு குளிரிலேயே வைத்துக் கொணரவேண்டும். கரைத்த மருந்தை வெயிலில் வைத்தால் அது வெறும் தண்ணீராகும். குளிர்ப்பெட்டி செல்ல இயலாத இடங்களுக்கு, வெப்பத்தைத் தாங்கும் வகைகளும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் செய்துள்ள, தீனியைப்போலத் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தும் உதவும்.

3. மருந்திடுவதற்கு ஒரு வாரம் முன்னர்க் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தல் சிலாக்கியம். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தையும் பிண்ணாக்கையும் அறவே விலக்கவேண்டும். அவற்றிலுள்ள நஞ்சு எதிர்ப்பொருள் உண்டாவதைக் குறைக்கும்.

4. குடிதண்ணீரில் மருந்து கலப்பதாயின் குளோரின் கலவாத தண்ணீராக இருக்கவேண்டும். கொழுப்பு நீக்கிய பால்பொடியைச் சிறிது சேர்ப்பது மருந்தைக் காக்கும்.

5. புதிதாக வாங்கிய கோழியைப் பதினைந்து நாளாவது தனியே வைத்துப் பார்க்காமல் மந்தையிற் சேர்க்கலாகாது.

6. வியாதி தோன்றிய வீட்டினர் எஞ்சிய கோழிகளைச் சந்தைக்கு அனுப்புவது அண்டை ஊருக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். செத்தவற்றைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். வாய்க்காலில் எறிதல் கூடாது. உடனே கால்நடை வைத்தியருக்குத் தகவல் தருதல் கடமை.

முடிவுரை

எதிர்ப்பொருள் என்பது மருந்துக் கடையில் அவசரத்திற்கு வாங்கும் சரக்கன்று. பருவத்தே விதைத்துப் பருவத்தே அறுக்கும் பயிராகும். விதைத்த நாளுக்கும் அறுக்கும் நாளுக்கும் இடையே மூன்று வாரம் செல்லும் என்பதை விவசாயிக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. அக்கணக்கை ஊர் முழுவதும் ஒருசேர மனத்திற்கொண்டு நடந்தால், அடுத்த கோடையில் பஞ்சாரங்கள் காலியாகாமல் காக்கலாம்.